மரக்காணத்தின் எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டது யார்?

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை. மரக்காணம் அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் நின்றுபோயின. எக்கியார்குப்பம் மீனவ மக்கள் சாலையை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் சாராயம் குடித்தவர்கள் வாந்தியும் வயிற்று வலியுமாக ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். சிலருக்கு உயிர் போயிருந்தது. மறியலில் இருந்தவர்களின் கோபம் சாராயம் விற்றவர்களோடு நிற்கவில்லை. இங்கே சாராயம் விற்கிறார்கள் என்று எத்தனை தடவை போலீசுக்குச் சொன்னோம், என்ன செய்தீர்கள் என்பதே அவர்களுடைய கேள்வியின் சாரம்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மற்றதெல்லாம் நடந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு வந்து சிகிச்சையில் இருந்தவர்களைப் பார்த்தார். இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. விழுப்புரம் காவல் கண்காணிப்பாளரும் இன்ஸ்பெக்டர்கள் சிலரும் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். மாநிலம் முழுக்கச் சாராய வேட்டை என்று சில வாரங்கள் செய்தி வந்தது. மரக்காணம் பகுதியிலும் அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பக்கத்திலுமாக இறந்தவர்கள் 20 பேருக்கு மேல்.

பதின்மூன்று மாதம் கழிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையமும் நீதிமன்றமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற கருணாபுரத்தில், மரக்காணத்தில் கொன்ற அதே மெத்தனால் நஞ்சு, அதே பாக்கெட் சாராயம். இந்த முறை 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெண்களும் அதில் அடக்கம்.

மரக்காணத்தை நாம் ஒரு துயரச் சம்பவம் என்று எழுதி, நிவாரணம் கொடுத்து, கோப்பை மூடினோம். அது கள்ளக்குறிச்சிக்கு வந்த எச்சரிக்கை என்று யாரும் படிக்கவில்லை. என் குற்றச்சாட்டு இது ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ள, நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் சாவைப் பார்க்க வேண்டும். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா, 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலத்தில் மற்ற ஆறு பேரோடு இறந்தார். அந்த ஆண்டிலேயே தமிழக அரசு துணிவுக்கும் சாகசத்துக்கும் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் கோட்டையில் முதலமைச்சர் கையால் அது வழங்கப்படுகிறது. அவருடைய துணிச்சலை நாம் கொண்டாடுவது சரியே. ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்பது நம் மேடைகளில் பேசப்படுவதே இல்லை.

2003 ஜனவரி 16-ல் கொலம்பியா புறப்பட்டு ஏறத்தாழ 82 விநாடியில், எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த நுரைக்காப்பில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. மறுநாள் கேமரா பதிவைப் பார்த்த பொறியாளர்களுக்கு அடிவயிறு கலங்கியது. ராட்னி ரோச்சா என்ற நாசா பொறியாளர், ராணுவத்தின் வசதிகளைக் கொண்டு விண்வெளியிலிருக்கும் கலத்தின் இறக்கையைப் படம் எடுத்துத் தரக் கேளுங்கள் என்று மேலே எழுதினார். கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. மேலிடம் அந்தக் கோரிக்கையை நிறுத்திவிட்டது. கலம் பதினாறு நாள் பூமியைச் சுற்றியது. திரும்பும்போது இறக்கையின் ஓட்டை வழியே வெப்பம் உள்ளே புகுந்து, டெக்சாஸ் வானத்தில் அது உடைந்து சிதறியது.

இதில் என்னை அதிகம் உலுக்குவது கொலம்பியாவுக்கு முந்தைய செய்தி. 2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் விண்கலம் போனபோது, தொட்டியின் அதே இடத்திலிருந்து நுரைத்துண்டு பிய்ந்து பக்கத்து ராக்கெட்டில் மோதியிருந்தது. கலம் பத்திரமாகத் திரும்பிவிட்டது. ஏன் பிய்ந்தது என்று காரணம் சொல்ல வேண்டிய கெடு தள்ளிப்போடப்பட்டது. கொலம்பியா கிளம்பிய நாளிலும் அந்தப் பதில் வந்திருக்கவில்லை. நுரை பிய்வது வழக்கம்தானே, இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருந்தது. 2003 ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை, விபத்துக்கு நுரை எவ்வளவு காரணமோ அதே அளவுக்கு அந்த அமைப்பின் போக்கும் காரணம் என்று எழுதியது.

அதற்கும் பதினேழு ஆண்டு முன்னால், 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்கலம் 73 விநாடியில் வெடித்துச் சிதறியபோதும் கதை இதுவே. ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் செயலிழந்துவிடலாம் என்று ராஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் முந்தைய ஆண்டே குறிப்பு எழுதியிருந்தார். உயிர்ச்சேதம் ஆகும் என்றே அதில் இருந்தது. புறப்பாட்டுக்கு முதல்நாள் இரவு தொலைபேசியில் பொறியாளர்கள் வேண்டாம் என்றார்கள், நிர்வாகிகள் போகட்டும் என்றார்கள். டயான் வான் என்ற சமூகவியலாளர் இந்த முடிவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். யாரும் அங்கே வேண்டுமென்று விதியை மீறவில்லை, தவறு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போய் அதுவே நடைமுறை ஆகிவிட்டது என்பது அவர் கண்டது.

பழகிப்போவது என்றால் என்ன என்று மரக்காணம் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச்சேரி எல்லை பக்கத்தில். எல்லை தாண்டி வரும் பாக்கெட் சாராயம் எத்தனையோ காலமாக உண்டு. மே மாதம் இங்கே உப்பளங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். உடம்பு வலிக்கும் வெறுங்கைக்கும் நடுவில், டாஸ்மாக் கடையைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிற ஒரு பாக்கெட். வாங்கியவர் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிறார். விற்றவர் மறுநாளும் விற்கிறார். அதே வழியில் ரோந்து ஜீப்பும் போகிறது. சாவு விழாத ஒவ்வொரு நாளும் அந்த வியாபாரத்துக்கு ஒரு நாள் உரிமம். புகார் கொடுத்த அம்மாவைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல ஸ்டேஷனுக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

பிறகு ஒருநாள் அந்தப் பாக்கெட்டுக்குள் வேறு பொருள் வருகிறது.

மெத்தனாலுக்கு நிறம் கிடையாது. வாசனையிலும் சுவையிலும் சாராயத்திலிருந்து பிரித்தறிவது குடிப்பவரால் ஆகாது. முதலில் சாதாரணப் போதைதான் தெரியும். வயிற்றுக்குள் போன பிறகு கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அமிலம் ரத்தத்தில் ஏறி உடம்பைப் பிடிக்க 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகும். அதற்குள் குடித்தவர் தூங்கி எழுந்திருப்பார், பல் துலக்கியிருப்பார், கஞ்சி குடித்திருப்பார். பிறகு வயிறு பிசையும், மூச்சு வாங்கும், கண்ணுக்கு முன்னால் பனி இறங்கியதுபோல எல்லாம் வெளுக்கும். பார்வை நரம்பைத்தான் அது முதலில் தேடிப் போகிறது. பிழைத்தவர்களிலும் பலர் கண்ணை இழப்பது அதனால்.

அந்த 12 மணி நேரத்தைக் கவனியுங்கள். மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு: ஃபோமிபிசோல், அது இல்லாத இடத்தில் மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும் எத்தனால். டயாலிசிஸ் செய்து நஞ்சைப் பிரித்தெடுக்கலாம். முதல் ஆள் விழுந்த உடனே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, நேற்றுக் குடித்தவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னால் பிழைக்கிறவர்கள் இருப்பார்கள். கருணாபுரத்தில் என்ன நடந்தது? சாவுக்குக் காரணம் கள்ளச்சாராயம் என்று உறுதியாகவில்லை என மாவட்ட நிர்வாகம் முதல் நாள் செய்தியாளர்களிடம் சொன்னது. மரக்காணத்தைப் பார்த்து ஓராண்டே ஆன மாநிலத்தில், சந்தேகம் வந்ததுமே ஊரை எழுப்புவது அனிச்சையாக நடந்திருக்க வேண்டாமா? கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்டு ஆனார். போன மணி நேரங்கள் திரும்பவில்லை.

மரக்காணத்தில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு ஒரு விளக்கம் தந்தார். மக்கள் குடித்தது காய்ச்சிய சாராயம் இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று ஆய்வில் தெரிகிறது என்றார். அறிவியல்படி அது சரி. ஆனால் அதைச் சொன்ன பிறகு அரசின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. காட்டுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சுகிறவனைத் தேடுவது கடினம் என்று சொல்லலாம். மெத்தனாலோ உரிமம் பெற்ற ஆலையில் இருப்பது. இருப்புப் பதிவேட்டில் ஏறுவது. டேங்கரிலும் பேரலிலும் போவது. அதைக் கட்டுப்படுத்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் தமிழகத்தில் 1959-லிருந்தே விதிகள் இருக்கின்றன. 2001-ல் பண்ருட்டியில் 50 பேருக்கு மேல் செத்ததும் மெத்தனாலால்தான். பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி மூன்றும் பழைய தென்னார்க்காட்டு ஊர்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே நஞ்சு மூன்றாவது முறையாக வந்தபோதும் அது எந்த ஆலையின் கணக்கிலிருந்து கழன்று வந்தது என்பதைச் செத்தவர்களை எண்ணிய பிறகுதான் தேடத் தொடங்கினோம்.

சொன்னவர்களுக்கு என்ன ஆகிறது

புகார் கொடுக்க மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு மூன்று செய்திகள். மரக்காணம் சாவுகளுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பு, 2023 ஏப்ரல் 25 அன்று, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்தவர் அவர். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனுமேல் மனு கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் மயிலாடுதுறை அருகே முட்டம் கிராமத்தில் இரண்டு இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சாராயம் விற்பதைத் தட்டிக்கேட்டதுதான் காரணம் என்று உறவினர்கள் சொன்னார்கள். முன்விரோதம் என்றது போலீஸ்.

புகார் மனு ஸ்டேஷனுக்குள் போய் ஒருமணி நேரத்தில், யார் கொடுத்தது என்ற விவரம் விற்கிறவன் காதுக்குப் போய்விடும் என்பது கிராமங்களில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மாமூல் என்ற ஒரு சொல் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. முறைகேட்டை வெளியே சொல்கிறவர்களைக் காக்க நாடாளுமன்றம் 2014-ல் ஒரு சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு மட்டும் அது வரவே இல்லை. பத்தாண்டு தாண்டிவிட்டது.

சேலஞ்சர் விஷயத்தில் ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். ஆலன் மெக்டொனால்டு என்ற அதிகாரி புறப்பாட்டுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தவர். விசாரணையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னார். அவருடைய நிறுவனம் அவரை ஓரங்கட்டியது. விஷயம் வெளியே வந்ததும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். இவரைப் பழைய நிலையில் வைக்காவிட்டால் இனி உங்களுக்கு அரசு ஒப்பந்தமே கிடைக்காது என்கிற அளவுக்குப் போனார்கள். நிறுவனம் பணிந்தது. பழுதான அந்த இணைப்பைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது. மக்களின் கோபம் சரியான இடத்தில் அழுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. மறுபடியும் பதினேழு ஆண்டில் கொலம்பியா விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருமுறை திருந்தியது நிரந்தரமாகத் திருந்தியதாகாது.

நம் ஊரில் கோபம் எங்கே போனது? குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்ற விவாதத்தில் பாதி தீர்ந்துபோனது. டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் அதுவே பேச்சு. நிவாரணத்தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று பேசலாம், தவறில்லை. ஆனால் அந்த விவாதம் யாருக்கு உதவியது? புகாரை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர் ஒருவர் இருப்பாரே, அவர் அந்தச் சத்தத்தில் மறைந்துகொண்டார். நஞ்சு குடித்தவரின் ஒழுக்கத்தை விசாரிக்கிற ஊர், நஞ்சு வருகிறது என்று எழுதிக்கொடுத்த தாளை விசாரிக்க மறந்தது. அந்தத் தாளைக் கொடுத்தவர்களில் பலர் பெண்கள். குடித்தவர்களின் மனைவிகள், தாய்கள்.

2024 ஜூன் கடைசியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. சாவு விளைவித்தால் ஆயுள் தண்டனை வரை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். வரவேற்கிறேன். அந்தத் தண்டனை எல்லாம் காய்ச்சுகிறவர், கடத்துகிறவர், விற்கிறவர் மேல் விழுகிறது. எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவருக்கு என்ன? சஸ்பெண்டு, பிறகு பணியிட மாற்றம், பிறகு மறதி. கள்ளக்குறிச்சி வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது, போலீஸ் கண்டும் காணாமல் இருந்ததைச் சுட்டியது. அதை எதிர்த்துத் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடியானது. மறைக்க எதுவும் இல்லாத அரசு அந்த மேல்முறையீட்டுக்குப் போயிருக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

எச்சரிக்கையை மதிப்பது நமக்குத் தெரியாத வித்தையா?

மரக்காணத்தில் சாவு விழுந்து மூன்று மாதத்தில், 2023 ஆகஸ்ட் 23 அன்று, சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் பி. வீரமுத்துவேல் இதே விழுப்புரத்துக்காரர். மாவட்டமே பட்டாசு வெடித்தது. முந்தைய சந்திரயான்-2-ன் இறங்குகலம் நிலவில் மோதிப்போன பிறகு இஸ்ரோ செய்தது என்ன? எதெல்லாம் தவறிப்போகும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் தவறினாலும் கலம் பிழைக்கும்படி வடிவமைத்தார்கள். அந்தச் சந்திரயான்-2-ம்கூட முதலில் கிளம்ப வேண்டிய 2019 ஜூலை 15 அதிகாலையில், 56 நிமிடம் 24 விநாடி பாக்கி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. பார்வையாளர் மாடத்தில் குடியரசுத் தலைவர் இருந்தார், நாடே விழித்திருந்தது. கோளாறு தெரிந்ததும் நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கிளப்பினார்கள். அதற்காக யாரும் அவமானப்படவில்லை.

உப்பளத்துக்காரர்களுக்கும் இது பழக்கமான புத்தி. மேகம் கறுத்தால், மழை உறுதிதானா என்று அவர்கள் அறிக்கை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஓடிப்போய்க் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடுகிறார்கள். மழை வராவிட்டால் கொஞ்சம் உழைப்பு வீண், அவ்வளவுதான்.

ஸ்டேஷனுக்கு வரும் சாராயப் புகாரிடமும் அரசு அப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். புகார் உள்ளூர் ஸ்டேஷனில் தேங்காமல் வெளிமாவட்ட அதிகாரி ஒருவரிடம் நேராகப் போகட்டும். கொடுத்தவர் பெயர் மறைக்கப்படட்டும். என்ன நடவடிக்கை, எடுத்தது யார், எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தது யார் என்பது பெயரோடும் தேதியோடும் பதிவாகட்டும். பின்னால் சாவு விழுந்தால், அந்தப் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறட்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வாந்தியும் பார்வை மங்கலுமாக இரண்டு பேர் சேர்ந்தாற்போல் வந்தால், ஆய்வு முடிவுக்குக் காத்திராமல் ஊரை எச்சரிக்க மருத்துவருக்கு அதிகாரம் இருக்கட்டும். மெத்தனால் உரிமதாரர்களின் மாத இருப்புக் கணக்கை இணையத்தில் போடுங்கள். ஓட்டை எங்கே என்று மக்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மரக்காணத்தில் அதற்கு முன் எத்தனை புகார்கள் வந்தன, அவை எந்த மேசையில் நின்றன என்ற விவரத்தையும் அரசு வெளியிட வேண்டும். செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியது அந்தப் பதில்.

மரக்காணம் கரையில் இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனிப் புகார் கொடுத்தால் தனியாகப் போகாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரும் மகளிர் குழுவும் சேர்ந்து போங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கலெக்டரிடமும் கொடுத்து முத்திரை பெறுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். கொடுத்த மனு என்ன ஆனது என்று அங்கே கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.